கஞ்சிப் பாக்கெட்டில் இருந்த மலை

1

“நீ வீடியோ எடுக்கலைன்னா இயேசப்பாவுக்கு எப்படிம்மா போகும்?”

என் மகள் கெசியா இதைக் கேட்டுச் சில மாதங்கள் ஆகின்றன. கல்யாணத்துக்கு முன் ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். ஜெபம் என்றால் என்ன என்று அவர்களுக்குப் படம் வரைந்து காட்டியிருக்கிறேன். சொந்தப் பிள்ளை கேட்டபோது, “கஞ்சி ஆறுது, குடி” என்றுதான் சொல்ல முடிந்தது.

நாங்கள் தென் பிரான்சில், துலூஸ் நகரத்தில் இருக்கிறோம். கணவர் ஸ்டீபன் விமான உதிரிப் பாகங்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் பொறியாளர். நான் திருவண்ணாமலை வேங்கிக்காலில் பிறந்து வளர்ந்தவள். ஊர்ப் பெயரைச் சொன்னதும் இங்குள்ள தமிழர்கள் என் கழுத்துச் சிலுவையைப் பார்ப்பார்கள். “அங்க கிறிஸ்தவங்க இருக்காங்களா?” என்பார்கள். இருக்கிறோம். எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலை தெரியும் ஊரில், எங்களுக்கும் ஜன்னல்கள் உண்டு.

கெசியா துலூஸில் பிறந்தவள். ஆறு வயது. எழுத்து படிக்கும் முன்பே கடைச் சின்னங்களைப் படித்தவள். தள்ளுவண்டியில் உட்கார்ந்தபடி ஒவ்வொரு கடையின் பெயரையும் சொல்லிக்கொண்டே வருவாள். இந்த நாட்டில் மருந்துக்கடை வாசலில் பச்சை நிறச் சிலுவை மின்னும். ஒருநாள் தேவாலயக் கோபுரத்தின் உச்சியைக் காட்டி, “இந்த மருந்துக்கடை ஏன் மூடியே இருக்கு?” என்றாள். ஸ்டீபன் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

2

எங்கள் வீட்டுக் காலை கஞ்சியில் தொடங்குகிறது. மலைச்சுடர் சத்துமாவு. பச்சைப் பாக்கெட், அதில் பழுப்பு நிறத்தில் மலை, மலை உச்சியில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு பெரிய சுடர். கீழ்பென்னாத்தூரில் இருக்கிற மில்லில் அரைத்து வருவது. என்னுடன் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த சாந்தியும் அவள் கணவரும் நடத்தும் மில் அது. சொந்த நிலத்துக் கடலையை வறுத்துச் சேர்க்கிறார்கள்.

துலூஸில் இலங்கைத் தமிழர் ஒருவரின் கடையில் வேறு சத்துமாவுகளும் கிடைக்கும். நான் வாங்கியதில்லை. ஊரிலிருந்து வருகிறவர்களின் பெட்டியில் மலைச்சுடர் வரும்வரை, டப்பாவின் அடியைச் சுரண்டிக்கொண்டு காத்திருப்பேன். விமான நிலையச் சுங்க அதிகாரி ஒருவர் பாக்கெட்டைப் பிரித்து, மாவை விரலில் தொட்டு, நெடுநேரம் யோசித்திருக்கிறார். கெசியாவின் ஆசிரியையிடம் என் அரைகுறை பிரெஞ்சில் ‘பலம் தரும் மாவு’ என்று விளக்கியதில், பிள்ளைக்குப் பச்சை மாவைத் தின்னக் கொடுக்கிறேன் என்று அவர் பயந்து, பள்ளிச் செவிலியரைப் பார்க்கச் சொல்லிச் சீட்டு எழுதி அனுப்பினார். அப்போதும் நான் மாற்றவில்லை.

“உனக்கு ரெண்டு சபை ஜெனி,” என்பார் ஸ்டீபன். “ஒண்ணு ஞாயித்துக்கிழமை. இன்னொண்ணு இந்தப் பாக்கெட்.”

கேலிதான். ஆனால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். டப்பா காலியானால் வருகிற பதற்றம், ஒரு காலை ஜெபம் பண்ண மறந்தால் எனக்கு வருகிறதா?

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. எந்தப் புதுப் பாக்கெட்டையும் கத்தரிக்குமுன் அதன்மேல் கை வைத்து ஸ்தோத்திரம் சொல்வோம். அரிசி மூட்டையானாலும் சரி, உப்பானாலும் சரி. அம்மா செய்ததைப் பார்த்து நான் செய்கிறேன். சென்ற கோடைக்குப் பிறகு ஒரு காலை, நான் கத்தரிக்கோலைத் தேடிக்கொண்டிருந்தபோது, கெசியா தானாகவே பாக்கெட்மேல் கை வைத்துக் கண்ணை மூடினாள்.

“இயேசப்பா, மலைச்சுடர் சத்துமாவுக்காக ஸ்தோத்திரம். சாந்தி ஆன்ட்டிக்காக ஸ்தோத்திரம். இதுல கடலை நெறைய இருக்கு, அதுக்கும் ஸ்தோத்திரம். அம்மா கட்டி இல்லாம கிண்டணும். ஆமென்.”

அவள் அப்போது எங்களிடமும் பிரெஞ்சிலேயே பேசிக்கொண்டிருந்த காலம். நாங்கள் தமிழில் கேட்போம், பதில் பிரெஞ்சில் வரும். இவளுக்குத் தமிழ் போய்விட்டது, அதன் பின்னால் ஜெபமும் போய்விடும் என்று எனக்குள் ஒரு பயம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து ஒரு பிரெஞ்சுச் சொல்கூட இல்லாத ஜெபம். எனக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் வரியிலேயே கை தானாகப் போனை எடுத்துவிட்டிருந்தது.

3

வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். அப்பா அதைச் சபைக் குழுவுக்கு அனுப்பினார். மாதாமாதம் பாக்கெட் வாங்கும் பழக்கத்தில் சாந்திக்கும் அனுப்பினார். ஆயர் வீட்டிலிருந்து அழைப்பு, வேலூரில் இருக்கும் அத்தையிடமிருந்து அழைப்பு. “வெளிநாட்டுல பிள்ளையை எப்படி வளத்திருக்கா பாரு,” என்று யாரோ சொன்னதாக அப்பா சொன்னபோது, என் காலடியில் தரை கொஞ்சம் உயர்ந்தது போல இருந்தது.

பதிலாகப் போனில் வந்த இதயங்களையும் கூப்பிய கைகளையும் கெசியாவுக்குக் காட்டினேன். ஏன் காட்டினேன்? உற்சாகப்படுத்தத்தான்.

மறுநாள் கஞ்சியை வைத்தேன். அவள் கண்ணை மூடவில்லை.

“அம்மா, போன்.”

“எதுக்கு?”

“ஜெபம் பண்ணணுமே.”

இன்றைக்கு வேண்டாம், சும்மா ஜெபம் பண்ணு என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது, அதுவும் தமிழிலேயே. அடம் இல்லை, கொஞ்சல் இல்லை. தபால்பெட்டி இல்லாமல் கடிதம் எப்படிப் போகும் என்று கேட்பது போல, உண்மையான சந்தேகத்தோடு கேட்டாள். அவள் கணக்கு சரிதானே. அவள் ஜெபித்தாள், நான் அனுப்பினேன், பதில்கள் வந்தன.

4

கார்த்திகை மாதத்தில் என் தம்பியின் கல்யாணம். பள்ளி நாட்களில் பிள்ளையை அழைத்துப் போவதற்குக் காரணம் விளக்கி எழுதி, அழைப்பிதழின் மொழிபெயர்ப்பை இணைத்து, பள்ளி ‘கவனத்தில் எடுத்துக்கொண்டது’ என்று ஒரு பதிலைப் பெற்றுக்கொண்டு கிளம்பினோம். அது அனுமதியா மறுப்பா என்று விமானத்திலும் யோசித்துக்கொண்டிருந்தேன். ஸ்டீபனுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. கைக்குழந்தையாக ஒருமுறை வந்துபோனதற்குப் பிறகு கெசியா ஊருக்கு வருவது அதுதான் முதல்முறை.

சென்னையிலிருந்து கார். திண்டிவனம் தாண்டித் தூங்கிப்போனாள். செஞ்சிக் கோட்டையையும் பார்க்கவில்லை. கீழ்பென்னாத்தூர் நெருங்கும்போது எழுந்து கண்ணைக் கசக்கினாள். வெட்டவெளிக்கு அப்பால், மழை கழுவிய வானத்தில், மலை நின்றது.

“அம்மா, நம்ம பாக்கெட்.”

ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “இன்னா சொல்லுது பாப்பா?”

“சத்துமாவு பாக்கெட்ல இருக்கற மலையைச் சொல்றா.”

“அட, அது இதைப் பாத்து போட்டதும்மா. இதான் ஒரிஜினலு.”

கெசியா நம்பவில்லை. “மேல நெருப்பு இல்லையே?”

“வைப்பாங்க வைப்பாங்க. நாளன்னிக்கு தீபம்தான். அதுக்குத்தான் ரோடு இந்த லட்சணத்துல இருக்குது.”

மலை வளர்ந்துகொண்டே வந்தது. முதலில் முன்கண்ணாடியின் ஓரத்தில் இருந்தது, பிறகு கண்ணாடி முழுவதும் நிறைந்தது, பிறகு ஜன்னலில் குனிந்து பார்த்தாலும் உச்சி தெரியவில்லை. தினமும் இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்த ஒன்று இப்படி முடியாமல் போய்க்கொண்டே இருக்கும் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள். அவள் வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது என்பதைச் சொல்லத்தான் வேண்டும். அந்த மலையடிவாரத்தில் வளர்ந்தவள் நான். இத்தனை வருஷம் துலூஸில் மலை என்று நினைத்தபோதெல்லாம் என் மனதில் வந்ததும் அந்தப் பச்சைப் பாக்கெட்தான் என்பது அந்த நிமிடத்தில் தெரிந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் சாலை நெடுக வளைவுகள், தட்டிகள். வேட்டிக் கம்பெனி, நகைக்கடை, நல்லெண்ணெய், வீட்டு மனை. ஒவ்வொன்றிலும் மலை, ஒவ்வொன்றிலும் சுடர். கெசியா வண்டியிலிருந்தபடியே எல்லாவற்றையும் படம் பார்த்தே உரக்கப் படித்துக்கொண்டு வந்தாள். எல்லாருக்கும் மலை தேவைப்படுகிறது. மலைக்குத் தட்டி வைத்தவர் யாருமில்லை. இது எங்கள் வேதத்தில் உள்ள விஷயம் இல்லை, எங்கள் வழிபாடும் இல்லை. ஆனாலும், தன்னைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் இருப்பதில் எவ்வளவு பெரிய வல்லமை இருக்கிறது என்று எனக்குப் பயம் கலந்த வியப்பு வந்தது.

5

கல்யாணம் முடிந்த மறுநாள், தீபத்தன்று காலையில், சாந்தி வீட்டுக்கு வந்தாள். ஒரு பை நிறைய மலைச்சுடர்.

“இன்னாடி ஜெனி, இப்டி வெளுத்துட்ட? பிரான்சுல உன்னை ஊற வச்சாங்களா?”

“அங்க வெயில் கம்மிடி.”

“இங்க ஜாஸ்தி. ஒரு மாசம் மில்லுல வந்து நில்லு, பழைய கலர் வந்துரும்.”

கொஞ்ச நேரம் பள்ளிக்கதை பேசினோம். பிறகு அவள் குரலைத் தாழ்த்தினாள். “ஒண்ணு கேப்பேன். புடிக்கலன்னா சொல்லிடணும், மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது.”

கேட்டாள். கெசியாவின் ஜெப வீடியோவைக் கிறிஸ்துமஸ் விளம்பரமாகப் போடலாமா? போனில் ஓட விடலாம், உள்ளூர் டிவியிலும் போடலாம்.

“பெரிய கம்பெனிக்காரன் புதுசா சத்துமாவு எறக்கியிருக்கான்டி. சினிமாக்காரம்மா வந்து சிரிக்குது. கடைக்காரனுங்க அதை மேல அடுக்கிட்டு எங்களுத கீழ தள்ளிட்டானுங்க, குனிஞ்சி பாத்தாத்தான் தெரியும். அந்தம்மா அந்தக் கஞ்சிய ஒரு வாய் குடிச்சிருக்கும்னு நெனைக்கிற? உன் பொண்ணு டெய்லி குடிக்கறா. அது நடிப்பு இல்ல.”

“அது ஜெபம்டி சாந்தி.”

“அதான் கேக்கறேன். பொய்யா இருந்தா கேப்பேனா?” அவள் என் கையைப் பிடித்தாள். “கிறிஸ்மஸுக்கு என்னை உங்க கோயிலுக்குக் கூட்டிட்டுப் போவியே, கேக் குடுப்பாங்கன்னு. அங்க ஒவ்வொருத்தரா எழுந்து சொல்வாங்க பாரு, எனக்கு முட்டி வலி போயிடுச்சி, என் புருஷனுக்கு வேலை கெடைச்சுதுன்னு. அதுக்கு ஒரு பேரு சொல்லுவியே, இன்னா அது?”

“சாட்சி.”

“ஆங், சாட்சி. எங்க மில்லுக்கு சாட்சி சொல்ல ஆளில்லடி.”

அவள் கேட்டதில் ஒரு பிசகும் தெரியவில்லை. நல்ல மாவு, நல்ல மனிதர்கள், உண்மையான நன்றி. உண்மையாகக் கிடைத்ததை நாலு பேருக்குச் சொல்வதுதானே நாங்கள் ஞாயிறுதோறும் செய்வது? ஆனால் மனதின் ஒரு மூலை ‘வேண்டாம்’ என்று முணுமுணுத்தது. ஏன் என்று அது சொல்லவில்லை.

அந்த நேரத்தில் அம்மா கெசியாவுக்குக் கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். கெசியா என்னைப் பார்த்தாள். “அம்மா, போன்.”

“நான் எடுக்கறேன் தங்கம்,” என்று சாந்தி ஆசையோடு தன் போனைத் தூக்கினாள்.

கெசியா பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். பிறகு குனிந்து பார்த்து, பெயர் எழுதிய பக்கம் போனைப் பார்க்கும்படி திருப்பிப் பிடித்தாள். முகத்தில் ஒரு புன்னகையை வைத்துக்கொண்டு, அதே ஜெபத்தை, அதே சொற்களில், கடலைக்கும் கட்டிக்கும் அதே இடத்தில் நிறுத்தி, ஒப்பித்தாள். கண் திறந்தே இருந்தது.

சாந்தி போனை மெதுவாகக் கீழே இறக்கினாள். “யாருடி சொல்லிக் குடுத்தது?”

“யாரும் இல்ல,” என்றேன்.

கெசியா கஞ்சியை உறிஞ்சிக் குடிக்க ஆரம்பித்தாள். கிளம்பும்போது சாந்தி, “யோசிச்சி சொல்லு. அவசரம் இல்ல,” என்றாள். அவசரம் இருந்தது. அவள் குரலிலேயே தெரிந்தது.

6

சாயங்காலம் மாடிக்குப் போனோம். தீபத்தன்று வேங்கிக்காலில் மாடி இல்லாத வீட்டுக்காரர்கள்கூட யாருடைய மாடியிலாவது இருப்பார்கள். எங்கள் மாடிக்குப் பக்கத்து வீட்டு மல்லிகா அக்கா குடும்பத்தோடு வந்துவிட்டார். அவர் மாடியிலிருந்து பார்த்தால் தென்னை மறைக்கிறதாம். ஏற்றத் தயாராக அகல் விளக்குகளைத் தட்டில் வைத்திருந்தார். அப்பா எப்போதும் போலச் சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாங்கள் கும்பிட மாட்டோம். ஆனால் அந்த நேரத்தில் எங்கள் வீட்டில் யாரும் கீழே இருந்ததும் கிடையாது.

மேகம் உச்சியை மூடியிருந்தது. ஊர் முழுக்க ஒரே இரைச்சல். பிறகு காற்று திரும்பியது. மேகம் நகர்ந்து, கறுத்த உச்சி தெரிந்தது. நேரம் நெருங்கிவிட்டது என்று யாரோ கத்த, சுற்றிலும் எல்லா மாடிகளிலும் கைகள் உயர்ந்தன. எல்லாக் கைகளிலும் போன்.

கெசியா சுற்றிலும் பார்த்தாள். இந்த மாடி, அடுத்த மாடி, அதற்கடுத்த மாடி. அவள் முகம் மலர்ந்துகொண்டே போனது.

“அம்மா, எல்லாரும் போன் எடுத்துட்டாங்க. இவ்ளோ போன் இருக்கு. இன்னிக்குக் கண்டிப்பா போயிடும்.”

நான் ஏதாவது சொல்வதற்குள் உச்சியில் ஒரு புள்ளி பிடித்தது. பாக்கெட்டில் இருப்பது போல இல்லை. ஒரு அரிசி மணி அளவு. ஆனால் அது வந்ததும் மலை முழுவதும் வேறாகிவிட்டது. ஊரே ஒரு குரலில் அரோகரா என்றது. அந்தக் குரல் என் நெஞ்செலும்பில் வந்து அடித்தது. அதற்கு நடுவில், என் இடுப்பு உயரத்திலிருந்து, கண்ணை இறுக்க மூடி, கையைக் கூப்பி, கெசியா ஆரம்பித்தாள்.

“இயேசப்பா, இந்த மலைக்காக ஸ்தோத்திரம். இது பாக்கெட்டை விட ரொம்பப் பெருசு. நெருப்பு சின்னதா இருக்கு. காத்துல அணையாம பாத்துக்கோங்க. மேல நிக்கறவங்களுக்குக் குளிரும், அவங்களையும் பாத்துக்கோங்க. சாந்தி ஆன்ட்டி பாக்கெட்டை மேல வைக்கச் சொல்லுங்க. அம்மா எப்பவும் யோசிச்சிட்டே இருக்காங்க, அவங்க நல்லா தூங்கணும். ஆமென்.”

அப்பா வாய்க்குள் “ஆமென்” என்றார்.

நான் அழுதுகொண்டிருந்தேன். சாந்தி பேசியதை இவள் எங்கிருந்து கேட்டாள்? நான் தூங்காததை எப்போது பார்த்தாள்? என் கைப்பையில் போன் இருந்தது. கை அதைத் தேடிப் போனது, நிஜம். பாதி வழியில் நின்றுவிட்டது. நான் நிறுத்தினேனா, தானாக நின்றதா என்று எனக்கே தெரியவில்லை.

மல்லிகா அக்கா விளக்கைக் கொளுத்தியபடி திரும்பினார். “எங்க தீபத்துக்கு உங்க சாமிகிட்ட வேண்டிக்கினியா கண்ணு? வேண்டிக்கோ, வேண்டிக்கோ. அணையாம இருந்தா சரி.”

கெசியா கண்ணைத் திறந்தாள். “எடுத்தியாம்மா?”

“இல்லடா.”

மறுபடியும் சுற்றிலும் பார்த்தாள். எல்லாப் போன்களும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூட அவள் பக்கம் இல்லை. அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

“பரவால்ல. இவ்ளோ பேரு எடுத்தாங்கல்ல, சத்தம் உள்ள போயிருக்கும்.”

அது எனக்குத் தோன்றவே இல்லை. யாரோ முகம் தெரியாத ஒருவரின் போனில், தீபம் எரிகிற காட்சிக்கு அடியில், அரோகராவின் இடையில், என் பிள்ளையின் ஜெபம் ஓடிக்கொண்டிருக்கலாம். அவர்களுக்குத் தெரியாது. கேட்க வேண்டியவர் கேட்பார்.

இதை அவளுக்குத் திருத்திச் சொல்லியிருக்க வேண்டுமா? போன் வழியாகப் போவதில்லை என்று அங்கேயே விளக்கியிருக்க வேண்டுமா? இன்னொரு மதத்தின் தீபத்துக்கு முன் நின்று ஜெபித்ததைச் சபையில் கேட்டால் என்ன சொல்வார்கள்? இதையெல்லாம் மறுநாள்தான் யோசித்தேன். அந்த இரவு, கெசியா கேட்டுக்கொண்டபடி, நன்றாகத் தூங்கிவிட்டேன்.

7

துலூஸ் திரும்பியதும் சாந்தியின் குரல் செய்தி வந்தது. “உனக்கு மனசு வரலன்னா விட்டுடுடி, நான் கோச்சிக்க மாட்டேன். ஆனா ஏன்னு மட்டும் சொல்லு. எங்க வீட்டுக்காரரு கேக்கறாரு, எனக்கு சொல்லத் தெரியல.”

எனக்கும் தெரியவில்லை. வேண்டாம் என்பதில் மட்டும் இப்போது சந்தேகம் இல்லை. பாக்கெட்டைத் திருப்பிப் பிடித்த அந்தக் கையை நான் பார்த்துவிட்டேன். ஆனால் அதை எழுதினால், சாந்தியின் மாவையே குறை சொல்வது போல ஆகிவிடுகிறது. சாட்சி சொல்லலாம், விளம்பரம் கூடாது என்று எழுதிப் பார்த்தேன். இரண்டுக்கும் நடுவில் கோடு எங்கே என்று அவள் கேட்டால் காட்டத் தெரியாமல் அழித்துவிட்டேன். வேறு விதமாக உதவலாம் என்று, இங்குள்ள தமிழ்க் கடைக்காரரிடம் மலைச்சுடரை வரவழைக்கச் சொல்லி ஒரு பாக்கெட் கொடுத்திருக்கிறேன். குடித்துப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். எங்கே அடுக்கப் போகிறீர்கள் என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

நேற்றுக் காலை போனைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்திவிட்டுக் கஞ்சி வைத்தேன். கெசியா மேசையைப் பார்த்தாள், என் கைகளைப் பார்த்தாள். கஞ்சியில் ஆடை படிந்தது. பள்ளிக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

“சரி, போன் வேணாம்,” என்றாள் கடைசியில். “ஆனா நீ கண்ணை மூடாத. நீ என்னைப் பாத்துட்டே இரு.”

அவள் கண்ணை மூடினாள். நான் திறந்தே வைத்திருந்தேன். வீட்டு ஜெபத்தில், கையில் போன் இல்லாமல், கண்ணைத் திறந்து அவளையே பார்ப்பது எனக்கு அதுவே முதல்முறை. அவள் என்ன ஜெபித்தாள் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. அவள் இமைகள் துடித்ததையும், கூப்பிய விரல்களில் பேனா மை ஒட்டியிருந்ததையும், நடுவில் ஒருமுறை அரைக்கண் திறந்து நான் பார்க்கிறேனா என்று சரிபார்த்ததையும் பார்த்தேன். இத்தனை நாள் இதையெல்லாம் மூடிய கண்ணுக்கு அந்தப் பக்கம் விட்டுவிட்டிருக்கிறேன்.

ஊரில் இதைப் படிக்கிற தாய்மார்களே, என்னைவிடப் பிள்ளை வளர்த்து அனுபவப்பட்டவர்கள் நீங்கள். சாந்தியின் மனம் நோகாமல் காரணம் சொல்ல உங்களுக்கு வார்த்தை தெரிந்தால் எழுதுங்கள். அதைவிட முக்கியமாக, இதைச் சொல்லுங்கள்: நாளைக் காலையும் அவள் கேட்பாள். நான் பார்த்துக்கொண்டே இருந்தால், போன் இருந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்தது போல ஆகிவிடுமா? கண்ணை மூடிக்கொண்டால், யாரும் பார்க்காத இடத்தில் அவள் தனியாக நிற்பது போல உணர்வாளா? உங்கள் பிள்ளை ஜெபிக்கும்போது நீங்கள் கண்ணை மூடுவீர்களா, திறந்து வைத்திருப்பீர்களா?